செத்த தண்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: நாணலும் நாணல் கதிர்க்குருவியும்

நாணல் காட்டில் பச்சையாக நிற்பதைவிடச் செத்து நிற்பதுதான் பல நேரம் முக்கியம். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்தச் செடியையும் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும் பறவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் நம்பியிருப்பது போன வருடம் வளர்ந்து காய்ந்துபோன பழுப்புத் தண்டைத்தான் என்று தெரியவரும். செடி அதன் வழியாக மூச்சு விடுகிறது. பறவை அதில் கூட்டைக் கட்டுகிறது. மூன்றாவதாக மனிதனும் வருகிறான். அவனுக்கும் கூரை வேய அதே தண்டுதான் வேண்டும்.

எந்த நாணல், எந்தப் பறவை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆற்றோரத்தில் வெள்ளைப் பூங்கதிரோடு நிற்கும் உயரமான புல் எதுவானாலும் நம்மூரில் நாணல்தான். இங்கே பேசுவது பிராக்மைட்டிஸ் ஆஸ்திராலிஸ் என்ற ஒரே இனத்தைப் பற்றி. நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் இருக்கும் அதே புல் குடும்பம். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. சாதாரணமாக இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரம் போகும். பறவை, ஐரோப்பாவில் கோடையைக் கழிக்கும் நாணல் கதிர்க்குருவி. அறிவியல் பெயர் அக்ரோசெபாலஸ் ஸ்கிர்பேசியஸ். 13 சென்டிமீட்டர் நீளம், 12 கிராம் அளவுக்கு எடை. மேலே பழுப்பு, கீழே வெளிறிய மஞ்சள். பார்க்க அப்படியொன்றும் விசேஷம் கிடையாது. நாணலுக்குள் இருந்து ஓயாமல் ஒரே தாளத்தில் கரகரவென்று பாடும் குரலை வைத்துத்தான் அது அங்கே இருப்பதே தெரியும்.

ஒன்று, முளைத்த இடத்தைவிட்டு நகராமல் சேற்றுக்குள்ளேயே பரவிக்கொண்டு போகும் உயிர். இன்னொன்று, வருடத்துக்கு இரண்டு முறை சகாராவைத் தாண்டும் உயிர். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வைப்பது அந்தக் காய்ந்த தண்டு.

சேற்றுக்குள் மூச்சு

நாணலின் நிஜமான உடம்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் மட்டநிலத் தண்டுதான் பல ஆண்டுகள் உயிரோடு இருப்பது. மேலே தெரியும் தண்டெல்லாம் ஒரு பருவத்து விஷயம். வசந்தத்தில் முளைத்து, கோடை முடிவில் பூத்து, குளிர் வந்ததும் காய்ந்துவிடும். காய்ந்தாலும் உடனே விழாது. தண்டுக்குள் சிலிக்கா இருப்பதால் விறைப்பாகவே நிற்கும். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஒடிந்து சாயும். ஆகவே எந்த நாணல் காட்டுக்குள் போனாலும் இந்த வருடத்துப் பச்சையும் போன வருடத்துப் பழுப்பும் அதற்கு முந்தின வருடத்துக் குச்சிகளும் கலந்துதான் நிற்கும்.

சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. தண்ணீருக்கு அடியில் இருக்கிற மண்ணில் நுண்ணுயிர்கள் அதைக் காலி செய்துவிடும். அப்படியானால் கீழே இருக்கும் மட்டநிலத் தண்டும் வேரும் எப்படிப் பிழைக்கின்றன? தண்டு உள்ளே குழலாக இருக்கிறது, அதன் வழியாகக் காற்று போகிறது என்பது பொதுவான பதில். ஆனால் காற்று தானாக மெதுவாகப் பரவிக் கீழே போய்ச் சேருவது மட்டும் அவ்வளவு பெரிய உடம்புக்குப் போதாது. யாராவது அதைத் தள்ள வேண்டும், அல்லது உறிஞ்ச வேண்டும். நாணல் இரண்டையும் செய்கிறது.

தள்ளுவது பச்சைத் தண்டின் வேலை. தண்டைச் சுற்றி மூடியிருக்கும் இலையுறையில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் காற்றில் ஈரம் முழுக்க ஏறியிருக்கும். வெளியே காற்று அதைவிட உலர்ந்திருக்கும். இந்த ஈர வித்தியாசத்தால் வெளிக் காற்று அந்தத் துளைகள் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். துளைகள் அத்தனை சிறியதாக இருப்பதால் உள்ளே போனது அதே வேகத்தில் திரும்பி வெளியே வர முடியாது. உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் காற்று தண்டு வழியாகக் கீழே இறங்கி, மட்டநிலத் தண்டுக்குள் ஓடி, எங்கே திறந்திருக்கிறதோ அங்கே வெளியேறும். திறந்திருப்பது எது? ஒடிந்துபோன பழைய தண்டு. வழி அங்கே அடைபட்டால் ஓட்டமும் நின்றுவிடும்.

உறிஞ்சும் வேலையைச் செய்வது அந்தச் செத்த தண்டுகளேதான். 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் ஆம்ஸ்ட்ராங், வில்லியம் ஆம்ஸ்ட்ராங் இருவரும் சக ஆய்வாளர்களோடு இதை விளக்கினார்கள். உயரமாக ஒடிந்து நிற்கும் தண்டின் வாய்க்கு மேலே காற்று வேகமாக அடிக்கும். அந்த வேகம் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிடும். தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் குட்டையாக ஒடிந்த குச்சிகளின் பக்கம் காற்றின் வேகம் குறைவு. அவற்றின் வழியாகப் புதுக் காற்று உள்ளே இறங்கும். வெயில் தேவையில்லை, பச்சை இலை தேவையில்லை. ராத்திரியிலும் நடக்கும், ஒரு பச்சை இலைகூட இல்லாத ஜனவரியிலும் நடக்கும். செத்த தண்டு கீழே இருக்கும் உயிருக்குக் குளிர்காலம் முழுக்கக் காற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. சேற்றில் உருவாகும் மீத்தேனும் இதே வழியாக மேலே வந்து வளிமண்டலத்தில் கலக்கிறது. சதுப்பு நிலத்தைக் கரிம சேமிப்பு என்று கொண்டாடுபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டாக வேண்டும்.

நாணலை ஒழிக்க நினைப்பவர்கள் இந்த ஏற்பாட்டைத்தான் குறிவைக்கிறார்கள். வளரும் பருவத்தில் தண்டுகளைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டால் போதும். வாய் தண்ணீருக்குள் போய்விடும், காற்று இறங்காது, கீழே இருக்கும் உடம்பு மூச்சு முட்டிப் போகும். திரும்பத் திரும்ப இப்படி அறுத்தால் மருந்து தெளிக்காமலேயே காட்டின் பலம் குறைந்துவிடும்.

நாலு கம்பமும் ஒரு கிண்ணமும்

பறவை ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேருகிறது. இங்கிலாந்து போன்ற இடங்களில் அந்த நேரம் புது நாணல் முளைத்துக் கொஞ்ச உயரம்தான் வந்திருக்கும். கூடு கட்டும் அளவுக்கு உயரமாக நிற்பது போன வருடத்துப் பழுப்புத் தண்டு மட்டும்தான். பருவத்தின் முதல் கூடுகள் அதனால் அங்கேதான் அமைகின்றன. பின்னால் கட்டும் கூடுகளில் பச்சைத் தண்டும் சேர்ந்துகொள்ளும். பச்சையை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தண்டு வேறு வேறு வேகத்தில் உயர்ந்தால் அவற்றில் கட்டிய கூடு ஒரு பக்கம் சாயும். செத்த தண்டு வளராது. அஸ்திவாரத்துக்கு அதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்!

கட்டுவது பெரும்பாலும் பெண் பறவை. தண்ணீருக்கு மேலே, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று நான்கு தண்டுகளைத் தேர்ந்தெடுக்கும். புல் நார், நாணல் இலைக் கீற்று, சிலந்தி வலை இவற்றை ஒவ்வொரு தண்டையும் சுற்றி இழுத்துக் கட்டும். அந்தக் கட்டுகளுக்கு இடையில் கிண்ணம் உருவாகும். எந்தக் கிளையின் மேலும் அது உட்கார்ந்திருப்பதில்லை. நாலு பக்கமும் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளே மெத்தைக்கு நாணலின் பழைய பூங்கதிர் போகும்.

கிண்ணம் நல்ல ஆழமாக இருக்கும். காரணம் தெரிந்ததுதான். வளைந்து கொடுப்பதுதான் நாணலின் பெருமை என்று சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வெள்ளத்தில் மரம் விழும், நாணல் நிமிரும். கூட்டில் நான்கு முட்டை வைத்திருக்கும் பறவைக்கு அந்தப் பெருமையால் தொல்லைதான். காற்று அடித்தால் கம்பங்கள் நாலும் சாயும், கிண்ணமும் சேர்ந்து சாயும். கிண்ணம் ஆழமில்லை என்றால் முட்டை நேராகத் தண்ணீருக்குள். பறவை ஆழத்தைக் கூட்டி அந்த ஆபத்தைச் சமாளிக்கிறது. காய்ந்த தண்டு பச்சையைவிடக் குறைவாக ஆடும் என்பது கூடுதல் லாபம்.

அதன் காலையும் கவனிக்க வேண்டும். மற்ற சிறு பறவைகள் கிடைமட்டக் கிளையில் உட்காரும். இது செங்குத்தான தண்டைப் பக்கவாட்டில் பற்றிக்கொள்ளும், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி. சில நேரம் ஒரு தண்டில் ஒரு கால், அடுத்த தண்டில் இன்னொரு கால் என்று நடுவில் நிற்கும். உடம்புக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும் வலுவான கால், வளைந்த நகம். குஞ்சுகளும் அப்படித்தான். பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில், சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே, கூட்டைவிட்டு இறங்கித் தண்டு தண்டாகத் தொற்றிக்கொண்டு போகத் தொடங்கிவிடும்.

இதே குடும்பத்தில் பெரிய நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று உண்டு. எடை சுமார் 30 கிராம். மெல்லிய நாணல் அதற்கு ஒத்துவராது. ஆழத் தண்ணீர்ப் பக்கம், காட்டின் வெளி விளிம்பில் தடித்து வளரும் தண்டுகள்தான் அதன் கூட்டைத் தாங்கும். ஒரு நாணல் காடு மெலியத் தொடங்கினால் முதலில் காணாமல் போவது இதுதான். நெதர்லாந்தில் அப்படித்தான் ஆயிற்று. அங்கே விவசாயத்துக்காக ஏரி, கால்வாய்களின் நீர்மட்டத்தைக் குளிர்காலத்தில் குறைத்தும் கோடையில் கூட்டியும் வைக்கிறார்கள். இயற்கையில் நடப்பது தலைகீழ். கோடையில் தண்ணீர் இறங்கி ஈரச் சேறு வெளியே தெரிந்தால்தான் நாணல் விதை முளைக்கும். தண்ணீருக்கு அடியில் அது முளைக்காது. அந்த வாய்ப்பு போனதில் தண்ணீர்ப் பக்கம் நின்ற தடித்த நாணல் பின்வாங்கியது. ஒரு காலத்தில் சாதாரணமாகப் பார்க்க முடிந்த அந்தப் பறவையும் சில நூறு ஜோடிகளுக்குள் சுருங்கிவிட்டது.

சாப்பாடு எங்கே?

நாணல் காட்டில் வாழ்வதால் பறவை நாணலில் இருந்துதான் சாப்பிடுகிறது என்று நினைத்தால், பாதிதான் சரி. நாணல் கதிர்க்குருவி பூச்சி, சிலந்தி எதையும் விடாது. ஆனால் அவற்றைப் பிடிக்க நாணல் ஓரத்து வில்லோ மரங்களுக்கும் புதர்களுக்கும் அடிக்கடி போய்வரும். கூடு இங்கே, வேட்டை கொஞ்சம் அங்கே.

நாணல் தரும் உணவை முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது அதன் நெருங்கிய உறவான கோரைக் கதிர்க்குருவி. இங்கே ஒரு சின்னப் பூச்சியின் கதை வருகிறது. ஹயலோப்டெரஸ் என்ற அசுவினி, பிளம் வகை மரங்களில் முட்டையாகக் குளிரைக் கழிக்கும். கோடையில் அதன் சந்ததி இறக்கை முளைத்து நாணலுக்கு இடம் மாறும். ஜூலையில் நாணல் இலை வெளுத்துத் தெரியும் அளவுக்குப் பெருகும். கோரைக் கதிர்க்குருவி இந்த அசுவினிக் கூட்டத்தைத் தேடித் தேடித் தின்னும். தின்று தின்று உடம்பு எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அப்புறம் இங்கிலாந்திலிருந்தோ பிரான்சிலிருந்தோ கிளம்பினால், வழியில் அதிகம் தங்காமல் நேராகச் சகாராவுக்குத் தெற்கே போய் இறங்கும். இங்கிலாந்தில் காலின் பிப்பி, ரிஸ் கிரீன் இருவரும் 1981-இல் இந்த இரண்டு பறவைகளின் பயண முறைகளையும் ஒப்பிட்டு எழுதியது இன்றும் இந்தத் துறையில் அடிப்படையான வேலை.

நாணல் கதிர்க்குருவியின் வழி வேறு. அது ஒரே உணவை நம்புவதில்லை. கலவையாகத் தின்று, குறைவாகக் கொழுத்து, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று இறங்கி இறங்கிப் போய், அங்கே இன்னொரு முறை கொழுப்பை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தைக் கடக்கும். அசுவினி ஒரு வருடம் பெருகும், மறு வருடம் ஏமாற்றும். கோரைக் கதிர்க்குருவி எடுக்கும் துணிச்சல் இதற்கில்லை. அதனால் அந்த ஏமாற்றமும் இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

பெரிய நாணல் கதிர்க்குருவியின் பயணம் இன்னும் வியப்பானது. சுவீடனில் குவிஸ்மரேன் ஏரியில் 1980-களில் இருந்து இந்தப் பறவையை ஆராய்ந்து வருகிறார்கள். சின்னஞ்சிறு கருவிகளை முதுகில் கட்டி அனுப்பியபோது வெளிவந்த செய்தி 2021-இல் சயின்ஸ் இதழில் வந்தது. வழக்கமாக ராத்திரியில் பறந்து பகலில் தரையிறங்கும் இவை, மத்தியதரைக் கடலையும் சகாராவையும் கடக்கும்போது மட்டும் பகலிலும் தொடர்ந்து பறக்கின்றன. விடிந்ததும் சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேல் ஏறுகின்றன. சில 6,000 மீட்டரையும் தாண்டியிருக்கின்றன. மேலே காற்று குளிர்ச்சி. வெயிலில் இறக்கை அடித்துச் சூடாகும் உடம்பைக் குளிர்விக்கத்தான் அந்த ஏற்றம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சேற்றிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கூடு கட்டும் பறவைதான் இப்படிப் பறக்கிறது.

தரையாகிவிடத் துடிக்கும் செடி

செடிக்கும் பறவைக்கும் நலன் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் உரசல் இருக்கிறது. நாணல் ஒவ்வொரு வருடமும் காய்ந்த இலையையும் தண்டையும் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டிருக்கிறது. சேறு அதைப் பிடித்துக்கொள்கிறது. தளம் மெல்ல மெல்ல உயர்கிறது. யாரும் தலையிடாமல் விட்டால் சில பத்தாண்டுகளில் தண்ணீர் நின்ற இடம் ஈரத் தரையாகும், அதில் வில்லோ முளைக்கும், பிறகு நாணல் காடு மரக்காடாக மாறும். செடி தன் பாட்டுக்கு வளர்ந்தே பறவையின் வீட்டைக் கலைத்துவிடும்.

மரம் வருவது இன்னொரு விதத்திலும் பறவைக்குப் பாதகம். ஐரோப்பியக் குயிலுக்கு மிகப் பிடித்த வளர்ப்புத் தாய்களில் நாணல் கதிர்க்குருவியும் ஒன்று. காக்கைக் கூட்டில் நம்மூர்க் குயில் முட்டையிடுவது நமக்குத் தெரியும். அங்கே அது இன்னும் கொடூரம். பெண் குயில் ஏதாவது ஒரு மரத்தில் அசையாமல் உட்கார்ந்து நாணலை வேவு பார்க்கும். எந்த ஜோடி எங்கே கட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். ஒரு பிற்பகலில் இறங்கி வந்து, கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவிட்டு, அதே பச்சைச் சாயலில் தன் முட்டையை வைக்கும். எல்லாம் பத்து விநாடி வேலை. குயில் குஞ்சு பொரிந்து கண் திறப்பதற்கு முன்பே மற்ற முட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டித் தள்ளிவிடும். காற்றிலிருந்து முட்டைகளைக் காப்பாற்றிய அந்த ஆழம், இதன் முன்னால் பலிப்பதில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் விக்கன் ஃபென் என்ற சதுப்பில் நிக் டேவிஸ் 1980-களில் இருந்து இதைத்தான் ஆராய்ந்தார். அவரும் ரெபெக்கா கில்னரும் டேவிட் நோபிளும் 1998-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒற்றைக் குயில் குஞ்சு இத்தனை பெரிய உடம்புக்குத் தேவையான சாப்பாட்டை 12 கிராம் பறவையிடமிருந்து எப்படி வாங்குகிறது? அது கத்தும் வேகத்தில் இருக்கிறது தந்திரம். ஒரே குஞ்சின் குரல், பசித்த நாணல் கதிர்க்குருவிக் குஞ்சுகள் கூடு நிறைய இருந்து கத்துவது போல ஒலிக்கும். பெற்றோர் அந்தச் சத்தத்துக்கு ஏற்ப இரை கொண்டுவந்து கொட்டும்.

இந்தக் கதையில் நாணலுக்கு என்ன பங்கு என்றால், குயில் உட்கார மரம் வேண்டும். மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூடுகள்தான் அதிகம் பாழாகின்றன. நடு நாணலில், தண்ணீருக்கு மேலே, மரம் எட்டாத இடத்தில் கட்டிய கூடு ஓரளவு தப்புகிறது. ஆகவே நாணல் காடு உலர்ந்து வில்லோ ஏற ஏற, குயிலுக்கு வேவு மேடைகள் கூடுகின்றன. அதே வில்லோவில்தான் பறவை பூச்சியும் பிடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மரம் சாப்பாடு தருகிறது, எதிரிக்கும் இடம் தருகிறது. கொஞ்சம் மரம் நல்லது, நிறைய மரம் ஆபத்து என்பதைத் தவிர இதற்கு ஒரு கறாரான சூத்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாணலைத் தரையாகாமல் இத்தனை காலம் தடுத்து வைத்தது கூரை வேய்பவர்கள்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலும், ஆஸ்திரியா - ஹங்கேரி எல்லையில் இருக்கும் நொய்சீட்லர் ஏரியிலும் குளிர்காலத்தில் நாணல் அறுப்பது பழைய தொழில். நொய்சீட்லர் சுமார் 320 சதுர கிலோமீட்டர் ஏரி. அதில் பாதிக்கும் மேல் நாணல்தான். நல்ல நாணல் கூரை நாற்பது ஐம்பது வருடம் தாங்கும். அறுத்து வெளியே எடுத்துச் செல்வதால் மட்கு சேர்வது குறைகிறது, வில்லோக் கன்றுகளும் சேர்ந்து வெட்டுப்படுகின்றன, அடுத்த வசந்தத்தில் தண்டு நெருக்கமாகவும் நேராகவும் வருகிறது.

ஆனால் அறுத்த இடத்தில் மே மாதம் வந்து இறங்கும் பறவைக்கு ஒரு தண்டுகூட இருக்காது. புது நாணல் உயரும் வரை அது காத்திருக்க வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் முதல் கூடு கெட்டுப்போகும்போது இன்னொன்று கட்ட நேரம் குறைகிறது. கூரைக்காரருக்குப் பழைய தண்டு கலக்காத, ஒரே வருடத்து நாணல் வேண்டும். பறவைக்கு அந்தப் பழைய தண்டுதான் வேண்டும். வருடா வருடம் முழுக் காட்டையும் மொட்டையடித்தால் பறவை போய்விடும். அறுக்கவே கூடாது என்று வேலி போட்டால் சில பத்தாண்டுகளில் காடே போய்விடும். இன்று ஐரோப்பாவின் சரணாலயங்களில் பெரும்பாலும் செய்வது, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, இந்த வருடம் ஒரு பகுதி, அடுத்த வருடம் வேறொரு பகுதி என்று முறை வைத்து அறுப்பது. சில இடங்களில் உயர்ந்துவிட்ட தளத்தையே தோண்டித் தண்ணீரை மறுபடி உள்ளே விடுகிறார்கள். பிரிட்டனில் இந்த வேலைக்குப் பணமும் அவசரமும் வந்தது கதிர்க்குருவிக்காக அல்ல. அங்கே குருகு இனத்துப் பெரிய பறவை ஒன்று 1997-இல் குரல் கொடுக்கும் ஆண்கள் 11 என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற ஈர நாணல் தேவைப்பட்டது. அந்தப் புண்ணியத்தில் கதிர்க்குருவிக்கும் இடம் கிடைத்தது.

ஒன்றில்லாமல் மற்றொன்று

இத்தனை நெருக்கத்தைச் சொன்ன பிறகு, இந்த உறவு ஒருபக்கமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். இயற்கையில் எல்லாமே கொடுத்து வாங்கும் கூட்டாளிகள் என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. நாணலுக்கு இந்தப் பறவையால் சொல்லும்படி ஒரு லாபமும் கிடையாது. மகரந்தம் காற்றில் போகிறது, விதையும் காற்றில் போகிறது, பரவுவது பெரும்பாலும் சேற்றுக்குள்ளேயே நடக்கிறது. பறவை தின்னும் அசுவினியால் செடிக்கு மிச்சமாவது கொஞ்சம்தான்.

வட அமெரிக்காவைப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். அங்கே பூர்விக நாணல் ஒன்று உண்டு. அதோடு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த வகையும் பரவி, கடலோரச் சதுப்புகளையும் ஏரிக்கரைகளையும் பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் நீண்ட காலம் குழப்பம். கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் 2002-இல் மரபணுவை வைத்துப் பழைய உலர்மாதிரிகளோடு ஒப்பிட்டபோதுதான் பரவுவது வந்தேறி வகை என்பது உறுதியானது. அக்ரோசெபாலஸ் கதிர்க்குருவிகள் அந்தக் கண்டத்தில் இல்லை. அவை இல்லாமலே நாணல் அமோகமாக வளர்கிறது. ஐரோப்பாவில் அது குறைகிறதே என்று கவலைப்படும் அதே நேரத்தில், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அதை அறுத்தும் எரித்தும் மருந்தடித்தும் ஒழிக்கப் பார்க்கிறார்கள்.

பறவைக் குடும்பமும் நாணல் இல்லாமல் வாழ்ந்து காட்டியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் செஷல்ஸ் கதிர்க்குருவி இதே அக்ரோசெபாலஸ் பேரினம்தான். அது வாழ்வது தீவுக் காட்டு மரங்களிலும் புதர்களிலும். தென்னந்தோப்புக்காகக் காடு அழிந்தபோது கசின் என்ற ஒரே குட்டித் தீவில் முப்பதுக்கும் குறைவாக எஞ்சியது. 1968-இல் தீவையே விலைக்கு வாங்கி, தென்னையைக் குறைத்து, காட்டை மீள வளரவிட்ட பிறகுதான் அது பெருகியது. பசிபிக் தீவுகளிலும் இதன் உறவினர்கள் நாணலை மறந்து வாழ்கின்றன.

நம் ஏரிகளில்

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருவது பிளித் நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பா, சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்கு முன்பாக இங்கே வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பும். பெயரில் நாணல் இருந்தாலும் அதைத் தேட ஏரிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வேலி, முருங்கை மரம், கருவேலம் புதர் இவற்றுக்குள்ளிருந்து 'செக்... செக்...' என்று விட்டுவிட்டுக் கேட்கும் சத்தம் பெரும்பாலும் அதுதான். ஒரு கணம் தெரியும், உடனே இலைக்குள் மறைந்துவிடும்.

நிஜமாகவே நீரோரத் தண்டுகளை நம்பி இங்கே வாழ்வது கதிர்க்குருவிகளில் உரத்த குரல் கொண்ட ஒன்று: இந்திய நாணல் கதிர்க்குருவி, அக்ரோசெபாலஸ் ஸ்டென்டோரியஸ். தவளைக் கூட்டத்துக்கு நடுவே யாரோ மரப்பலகையை உரசுவது போலப் பாடும். நாணல் இருந்தால் நாணல், இல்லையென்றால் சம்பு. சம்பு புல் குடும்பம் இல்லை. ஆனால் உயரமாக, நெருக்கமாக, தண்ணீருக்குள் நிற்கிறது. பறவைக்கு அது போதும். பள்ளிக்கரணை போன்ற சதுப்புகளில் பரவலாகத் தெரிவது சம்புதான். ஏரிகளில் கோடு போட்ட தூக்கணாங்குருவி இனமும் கூடு கட்டுவது இந்தச் சம்பிலும் நாணலிலும்தான்.

ஏரியைத் தூர்வாருகிறோம் என்று பொக்லைன் இறங்கும்போது ஆகாயத்தாமரையோடு சேர்த்துச் சம்பும் நாணலும் களைக் கணக்கில் போய்விடுகின்றன. ஆகாயத்தாமரை போவதில் எனக்கு வருத்தமில்லை. கட்டுப்பாடில்லாமல் சம்பு ஏரி முழுக்க மூடுவதும் நல்லதில்லை. தண்ணீர் தெரிந்தால்தான் வாத்துக்கும் முக்குளிப்பானுக்கும் இடம். சிக்கல் என்னவென்றால், ஒப்பந்தத்தில் கரை முழுக்கச் சுத்தம் என்று எழுதியிருக்கும், ஒரே வாரத்தில் கரை முழுக்கச் சுத்தமாகும். பாதியை இந்த வருடமும் மீதியை இரண்டு வருடம் கழித்தும் எடுக்கச் சொன்னால் செலவு அப்படியொன்றும் கூடிவிடாது.

ஐரோப்பாவில் அறுப்பு நடப்பது குளிர்காலத்தில். அந்த நேரம் பறவை ஆப்பிரிக்காவில் இருக்கும். திரும்பி வரும்போதுதான் அதற்குத் தண்டு தேவை. இலங்கைக் குளங்களிலும் தென்னிந்தியாவின் சில ஏரிகளிலும் இருக்கும் இந்திய நாணல் கதிர்க்குருவி அப்படி எங்கும் போவதில்லை. வருடம் முழுக்க அதே தண்டுகளுக்குள்தான் இருக்கும். வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வருபவையும் அதே இடத்தில்தான் வந்து சேரும். எந்த மாதம் இயந்திரம் இறங்கினாலும் உள்ளே ஒரு பறவை இருக்கும்.